ஏர் கனடா 143: 22,300 கிலோ கேட்டு 22,300 பவுண்டு ஏற்றிய கணக்கு

1983 ஜூலை 23 அன்று, கனடாவின் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், ஒன்டாரியோ மாகாணத்தின் ரெட் லேக் வட்டாரத்துக்கு மேலே 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்துபோய், சில நிமிட இடைவெளியில் இரண்டு எஞ்சின்களையும் இழந்தது. பயணிகள் 61 பேர், பணியாளர்கள் 8 பேர் என அதிலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். எஞ்சின் இல்லாமலே சறுக்கி வந்து மனிடோபா மாகாணத்தின் கிம்லி என்னும் சிற்றூரில் இறங்கியதால் அந்த போயிங் 767 விமானத்துக்கு ‘கிம்லி கிளைடர்’ என்ற பெயர் நிலைத்தது. அந்தத் தரையிறக்கத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது அதற்குச் சில மணி நேரம் முன்பு, விமானம் தரையில் நின்றபோது ஒரு தாளில் போடப்பட்ட கணக்கை. பெருக்கலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனாலும் வேண்டிய எரிபொருளில் பாதிகூட ஏறாமல் விமானம் புறப்பட்டது.

இந்நிகழ்வை ‘மெட்ரிக் குழப்பம்’ என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். கிலோவுக்குப் பதில் பவுண்டைப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது பாதி உண்மை. பவுண்டும் கிலோவும் இரண்டுமே நிறையின் அலகுகள். வெறும் அலகு மாற்றமாக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தாளில் பவுண்டு என்றோ கிலோ என்றோ எங்காவது எழுதியிருக்கும், யார் கண்ணிலாவது பட்டிருக்கும். பிழை நுழைந்த இடம் கனஅளவிலிருந்து நிறைக்குப் போகும் வழியில், அதாவது அடர்த்தி என்ற எண்ணில். ஒரு பொருளின் இயல்பைச் சொல்ல வேண்டிய அந்த எண்ணை, எல்லோரும் பொருளை மறந்துவிட்டு வெறும் பெருக்கு எண்ணாகக் கையாண்டார்கள் என்பதே இந்நிகழ்வின் மையம் என்று நான் கருதுகிறேன்.

எது தேவை, எது அளக்கப்படுகிறது

விமானத்துக்குத் தேவைப்படுவது எரிபொருளின் நிறை. ஜெட் எஞ்சினில் எரியும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 43 மெகாஜூல் ஆற்றல் தருகிறது. இந்த அளவு எரிபொருளின் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதில்லை. இறக்கை எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும், ஓடுபாதையில் எந்த வேகத்தில் எழும்ப வேண்டும், எந்த உயரத்தில் பறப்பது சிக்கனம் என்பவையும் நிறையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஆகவே பறப்புத் திட்டத்தில் எரிபொருள் கிலோவிலோ பவுண்டிலோதான் குறிக்கப்படும், லிட்டரில் குறிப்பதில்லை.

ஆனால் எரிபொருளை யாரும் தராசில் வைத்து நிறுத்து ஏற்றுவதில்லை. எரிபொருள் கொண்டுவரும் பவுசர் லாரியின் மீட்டர், குழாய் வழியே போகும் திரவத்தை லிட்டரில் எண்ணுகிறது. விமானத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கையால் பார்க்க வேண்டுமென்றால், இறக்கையின் அடிப்பக்கத்தில் பொருத்தியிருக்கும் அளவுக்கோலைக் கீழே இழுத்து, எரிபொருள் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சென்டிமீட்டரில் படிக்க வேண்டும். இறக்கைத் தொட்டி சதுரப் பெட்டியைப் போல இருப்பதில்லை, விமானமும் எப்போதும் சமதளத்தில் நிற்பதில்லை. அதனால் அந்தச் சென்டிமீட்டரை விமானம் சாய்ந்திருக்கும் கோணத்தோடு சேர்த்து, உற்பத்தியாளர் கொடுத்த அட்டவணையில் தேடி லிட்டராக மாற்றுவார்கள். உயரத்திலிருந்து கனஅளவு கிடைத்துவிட்டது; கனஅளவிலிருந்து நிறைக்குப் போக அட்டவணை எதுவும் உதவாது. அங்கே திரவத்தின் அடர்த்தி தெரிந்தாக வேண்டும்.

அந்த அடர்த்தி மாறாத எண்ணும் அல்ல. இன்று பரவலாகப் புழங்கும் ஜெட் ஏ-1 எரிபொருளின் அடர்த்தி 15 பாகை செல்சியஸில் ஒரு லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம் என்று தரக்கட்டுப்பாட்டு விதிகளே அனுமதிக்கின்றன. எந்தக் கச்சா எண்ணெயிலிருந்து, எந்தச் சுத்திகரிப்பு ஆலையில் வந்தது என்பதைப் பொறுத்து அது வேறுபடும். 20,000 லிட்டர் ஏற்றினால் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே 1,300 கிலோ வித்தியாசம் வந்துவிடும். வெப்பம் ஏறினால் அதே எரிபொருள் விரிந்து லிட்டருக்கான நிறை குறையும். சமையல் எண்ணெய் வாங்குபவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு லிட்டர் என்று விற்கும் உறையில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதை நாம் பார்க்கிறோம். சில நிறுவனங்கள் 60 பாகை வரை வெப்பநிலையைக் குறிப்பிட்டு, அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் என்று கணக்குக் காட்டியதால்தான், வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கனஅளவையும் கூடவே நிறையையும் சரியாக அச்சிடுமாறு இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 பாகையில் ஏறத்தாழ 919 கிராம், 60 பாகையில் ஏறத்தாழ 893 கிராம். லிட்டர் மாறாது, உள்ளே இருக்கும் சரக்கு மாறிவிடும். விமானத்தில் இந்த 26 கிராம் வேறுபாடு ஆயிரம் ஆயிரமாகப் பெருகும் என்பதால்தான் ஒவ்வொரு முறையும் அன்றைய எரிபொருளின் அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அளவிகள் இருண்ட விதம்

சாதாரண நாளில் விமானிகள் இந்தக் கணக்கைப் போட வேண்டியதே இல்லை. 767 விமானத்தின் தொட்டிகளுக்குள் இருக்கும் உணரிகளிலிருந்து தகவல் பெற்று, ஒரு மின்னணுச் செயலி எரிபொருளின் நிறையைக் கிலோவில் கணித்து விமானியறையின் எரிபொருள் அளவிகளில் காட்டிவிடும். அந்தச் செயலியில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம். இந்த விமானத்தின் செயலியில் ஒரு கம்பிச்சுருளின் சால்டரிங் சரியாகப் பிடிக்காமல் இருந்தது. அதனால் இரண்டாம் தடம் முழுவதும் செத்துப்போகாமல் அரைகுறை மின்சாரத்தோடு நின்றது. முழுப் பழுது வந்தால் மட்டுமே அடுத்த தடத்துக்கு மாறும்படி கருவி அமைந்திருந்ததால், இந்த அரைப் பழுதில் மாற்றம் நிகழாமல் எல்லா அளவிகளும் இருண்டுபோயின.

இதற்கு எட்மன்டனில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வழி கண்டுபிடித்திருந்தார். இரண்டாம் தடத்துக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து விட்டால் அந்தத் தடம் முழுவதும் அணைந்து, முதல் தடம் பொறுப்பேற்று அளவிகள் உயிர்பெறும். மாற்றுச் செயலி கையிருப்பில் இல்லாததால், பிரேக்கரை இழுத்து, அதில் பழுது என்று குறிச்சீட்டையும் ஒட்டி விமானத்தை அனுப்பிவைத்தார். மான்ட்ரியலில் இன்னொரு தொழில்நுட்பப் பணியாளர் அந்தப் பழுதைச் சோதிப்பதற்காக பிரேக்கரை மீண்டும் உள்ளே தள்ளினார், அளவிகள் இருண்டன. அதற்குள் எரிபொருள் வண்டி வந்துவிட, அவர் கவனம் அங்கே போய்விட்டது. பிரேக்கரைத் திரும்ப இழுக்காமலே இறங்கிவிட்டார். குறிச்சீட்டு ஒட்டியபடியே இருந்ததால், பிறகு பார்த்தவர்களுக்கு அது இழுத்துவிடப்பட்ட பிரேக்கராகவே தோன்றியது.

தலைமை விமானி ராபர்ட் பியர்சன் விமானியறைக்கு வந்தபோது எரிபொருள் அளவிகள் அனைத்தும் வெறுமையாக இருந்தன. முந்தைய பயணத்தின் விமானியோடு நடந்த சுருக்கமான பேச்சில் இருவரும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். விமானம் எட்மன்டனிலிருந்தே இருண்ட அளவிகளோடுதான் வந்தது என்று பியர்சன் நம்பினார். எந்தெந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் குறைந்தபட்சக் கருவிப் பட்டியலின்படி, அளவிகள் எல்லாமே இல்லாமல் அந்த விமானம் எழும்பியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது 767 புத்தம்புதிய ரகம். சேவைக்கு வந்த குறுகிய காலத்திலேயே அந்தப் பட்டியல் 55 முறை திருத்தப்பட்டிருந்தது. பட்டியல் என்ன சொன்னாலும் பராமரிப்புப் பிரிவின் ஒப்புதலே இறுதி என்ற பழக்கம் வேரூன்றியிருந்தது. ஒப்புதல் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மீதியைக் கையால் அளந்து சரிசெய்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மான்ட்ரியலில் போட்ட கணக்கு

எட்மன்டன் வரைக்கும் தேவையான எரிபொருள் 22,300 கிலோ. அளவுக்கோலை இழுத்துப் பார்த்ததில் ஒரு பக்கத் தொட்டியில் 62 சென்டிமீட்டர், மறுபக்கத்தில் 64 சென்டிமீட்டர். அட்டவணைப்படி இவை 3,758 லிட்டரும் 3,924 லிட்டரும். கூட்டினால் 7,682 லிட்டர். இதுவரை எல்லாம் சரி.

இனி இந்த லிட்டரை நிறையாக மாற்ற வேண்டும். பெருக்கு எண் என்ன என்று கேட்டபோது கிடைத்த விடை 1.77. எரிபொருள் நிறுவனத்தின் சீட்டிலும் அந்த எண்தான் இருந்தது. 7,682ஐ 1.77ஆல் பெருக்கினால் 13,597. தொட்டியில் 13,597 கிலோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதை 22,300இலிருந்து கழித்தார்கள், மீதி 8,703. அதை மறுபடியும் 1.77ஆல் வகுத்தால் 4,917 லிட்டர். பவுசரிலிருந்து ஏறத்தாழ அவ்வளவுதான் ஏற்றப்பட்டது.

அந்த 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை பவுண்டில். கிலோவில் அதே எரிபொருள் லிட்டருக்கு 0.803. சரியான எண்ணை வைத்துப் பார்த்தால் தொட்டியில் இருந்தது 6,169 கிலோ. தேவைப்பட்டது இன்னும் 16,131 கிலோ. ஏற்றியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். ஏற்றியதோ அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்கு முடிந்தபின் தொட்டிகளில் இருந்த மொத்தம் 12,599 லிட்டரை 1.77ஆல் பெருக்கிப் பார்த்தால் 22,300 வருகிறது. அதாவது கேட்ட எண் அப்படியே தொட்டிக்குள் இருந்தது, பவுண்டாக. கிலோவில் சொன்னால் சுமார் 10,100. தேவையில் 45 விழுக்காடு.

1.77 என்பதே தவறான எண் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்வது நியாயமில்லை. அன்றைய எரிபொருளுக்கு அது துல்லியமான அடர்த்திதான். 22,300 கிலோவை முதலில் 49,163 பவுண்டாக மாற்றிக்கொண்டு, அதிலிருந்து 13,597 பவுண்டைக் கழித்து, வரும் 35,566ஐ 1.77ஆல் வகுத்திருந்தால் ஏறத்தாழ 20,090 லிட்டர் என்ற சரியான விடையே கிடைத்திருக்கும். கழித்தல் நடந்த அந்த ஒரு வரியில்தான் கிலோவிலிருந்து பவுண்டு கழிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் அலகை எழுதாமல் விடை எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பார்களே, அந்தக் கண்டிப்புக்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது.

தண்ணீரில் மிதக்கும் பொருளுக்கு 1.77

1.77 அந்தச் சீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கனடா அப்போது மெட்ரிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் விற்பனை லிட்டருக்கு வந்துவிட்டது. ஆனால் ஏர் கனடாவின் மற்ற விமானங்களில் நிறை பவுண்டிலேயே இருந்தது. நிறையும் மெட்ரிக்கில் இருந்த முதல் ரகம் 767தான். ஆகவே கனஅளவு மெட்ரிக்கிலும் நிறை பழைய முறையிலுமாக ஒரு கலப்பு எண் உருவாகி, தினந்தோறும் புழங்கிக்கொண்டிருந்தது. முழுக்கப் பழைய முறையில், காலனிலிருந்து பவுண்டுக்குப் போகும் எண் 8ஐ ஒட்டி வரும்; முழுக்கப் புதிய முறையில் 0.8ஐ ஒட்டி வரும். பத்து மடங்கு வேறுபாடு என்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. பாதி மாறிய முறையில் பிறந்த 1.77 மட்டும் இரண்டு பக்கமும் பொருந்துவதுபோல் நடுவில் நின்றது.

இதைவிட முக்கியமானது, அந்த எண் ஒப்படர்த்தி என்ற தலைப்பின் கீழ் புழங்கியது. ஒப்படர்த்தி என்பது ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியோடு ஒப்பிட்டு வரும் விகிதம். அதற்கு அலகே கிடையாது. அலகில்லாத ஓர் எண்ணுக்குரிய தலைப்பின் கீழ், லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற அலகுள்ள எண் எழுதப்பட்டதால், அது எந்த நிறை அலகுக்குரியது என்ற கேள்வியே எழாமல் போயிற்று. கேட்டவர் ‘ஒப்படர்த்தி என்ன’ என்று கேட்டார், சொன்னவர் ‘1.77’ என்று சொன்னார், இருவரும் ஒன்றையே பேசியதாக நினைத்தார்கள்.

ஆனால் ஒப்படர்த்தி 1.77 என்றால் அதன் பொருள் என்ன என்று ஒரு கணம் நின்று யோசித்தால் போதும். நீரைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கனமான திரவம். கடல்நீர்கூட 1.025தான். கிளிசரின் 1.26. 1.77ஐத் தாண்டும் பழக்கமான திரவம் வேண்டுமென்றால் அடர் கந்தக அமிலத்துக்குப் போக வேண்டும். அது சுமார் 1.84. மண்ணெண்ணெயோ தண்ணீரின் மேல் மிதக்கும். விமானத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் அது அடியில் தங்கும், அதனால்தான் தொட்டியின் அடியிலிருக்கும் வடிகாலில் மாதிரி எடுத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதை அறியாத விமானப் பணியாளர் இல்லை. அந்தத் தாளைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் எரிபொருள் தண்ணீரைவிட இலேசானது என்பது தெரியும். தெரிந்திருந்தும் அந்த அறிவு கணக்குக்குள் வரவில்லை. ஒரு லிட்டர் எரிபொருள் ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே லிட்டர் எண்ணைவிடக் கிலோ எண் சிறியதாக இருந்தாக வேண்டும் என்பதைக் காகிதமோ கருவியோ இல்லாமல் சொல்லிவிடலாம். 7,682 லிட்டர் 13,597 கிலோவாக வளர்ந்தபோது அங்கேயே கணக்கு நின்றிருக்க வேண்டும்.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவர்களின் அறியாமையைக் காரணம் சொல்வது எளிது, ஆனால் அது சரியான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. பவுண்டில் பழகிய கைக்கு, லிட்டரைவிட நிறை எண் பெரிதாக வருவதுதான் இயல்பு. பல்லாண்டுகளாக அந்த உணர்வு சரியான விடைகளையே தந்திருக்கிறது. 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த பியர்சனுக்கும் 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த துணை விமானி மோரிஸ் குவின்டாலுக்கும் அனுபவம் குறைவாக இல்லை. அனுபவம் முழுவதும் வேறோர் அலகில் சேர்ந்திருந்தது. புதிய ரகத்தில் எவ்வளவு லிட்டர் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும் என்ற கைப்பழக்கம் யாருக்கும் இன்னும் வரவில்லை. மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்கு 5,000 லிட்டர் ஏற்றினால் போதுமா என்று பழைய விமானமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்தியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. முந்தைய பெரிய விமானங்களில் மூன்றாவதாக ஒரு பறப்புப் பொறியாளர் இருப்பார். எரிபொருள் கணக்கு அவர் வேலை. 767 இரண்டே பேர் ஓட்டும் விமானம். மூன்றாவது இருக்கை போனபோது அந்த வேலை யாரிடம் வந்து சேர்ந்தது என்பதை நிறுவனம் தெளிவாக வரையறுக்கவில்லை. விமானிகள் அது தரைப் பணியாளரின் பொறுப்பு என்று எண்ணினார்கள். தரைப் பணியாளர்களுக்கோ கிலோவில் கணக்கிடும் பயிற்சி தரப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து போட்ட கணக்கு, ஆகவே யாருடைய கணக்கும் இல்லை.

ஒட்டாவாவில் இரண்டாவது வாய்ப்பு

பியர்சன் அலட்சியமானவர் அல்ல. ஒட்டாவாவில் இறங்கியதும் மறுபடியும் அளவுக்கோலைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், லிட்டர் வந்தது, மறுபடியும் 1.77ஆல் பெருக்கினார்கள், போதுமான எரிபொருள் இருப்பதாகவே விடை வந்தது. மான்ட்ரியலில் புறப்படும்போது இருந்த எண்ணிலிருந்து வழியில் செலவானதைக் கழித்தால் வர வேண்டிய எண்ணோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? இரண்டு எண்களும் ஒரே தவற்றின் குழந்தைகள்.

சோதனை என்ற பெயரில் ஒரே வழியில் இரண்டு முறை நடந்தால் இரண்டு முறையும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். இயல்பான நிலையில் எரிபொருளின் நிறையை அறிய இரண்டு வெவ்வேறு வழிகள் உண்டு: தொட்டிக்குள் இருக்கும் மின்னணு அளவி ஒரு வழி, பவுசரின் லிட்டரை அடர்த்தியால் பெருக்குவது இன்னொரு வழி. இவை ஒன்றையொன்று சாராதவை என்பதால் ஒன்றில் பிழை வந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு முதல் வழி இருண்டு கிடந்தது. இரண்டாவது வழியை எத்தனை முறை நடந்தாலும் அடர்த்தி என்ற ஒரே வாசல்தான், அந்த வாசலில் 1.77 நின்றது.

விமானத்தின் பறப்புக் கணினியும் இதே வலையில் விழுந்தது. அளவி வேலை செய்யாததால் தொடக்க எரிபொருளைக் கையால் உள்ளிட வேண்டும். 22,300 என்று உள்ளிட்டார்கள், கணினி அதைக் கிலோவாக எடுத்துக்கொண்டது. எஞ்சின்கள் எவ்வளவு குடிக்கின்றன என்பதை அது துல்லியமாக அளந்து, அந்த 22,300இலிருந்து கழித்துக் கழித்துக் காட்டிக்கொண்டே வந்தது. கழித்தல் துல்லியம், தொடக்கம் பொய். தொட்டி வறண்ட நேரத்தில்கூடத் திரையில் எட்மன்டன் வரை போகத் தேவையான எரிபொருள் மிச்சமிருந்தது.

வானில் நடந்தது, சுருக்கமாக

இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின், இடப்பக்க எரிபொருள் அழுத்தம் குறைவதாக எச்சரிக்கை ஒலித்தது. கணினி எரிபொருள் இருப்பதாகச் சொன்னதால் பம்பில் கோளாறு என்று விமானிகள் நினைத்தது இயல்பே. அடுத்த எச்சரிக்கையும் வந்ததும் மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக்கில் இறங்க முடிவு செய்தார்கள். முதலில் இடப்பக்க எஞ்சின் நின்றது, பின் வலப்பக்கமும். எஞ்சின்கள் தந்த மின்சாரம் போனதும் மின்னணுத் திரைகள் அணைந்தன. அவசரகால மின்கலத்தில் இயங்கும் சில அடிப்படைக் கருவிகள் மட்டும் எஞ்சின. காற்றோட்டத்தில் சுழலும் சிறு சுழலி ஒன்று தானே வெளியே வந்து, விமானத்தைத் திருப்பும் இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் அளவுக்கு நீரியல் (ஹைட்ராலிக்) அழுத்தத்தைத் தந்தது.

எவ்வளவு உயரம் இழந்தால் எவ்வளவு தூரம் போகிறோம் என்று குவின்டால் கணக்கிட்டார்: 10 கடல்மைலுக்கு 5,000 அடி, அதாவது ஏறத்தாழ 12க்கு 1. வின்னிபெக் எட்டாது என்று தெரிந்ததும், தாம் முன்பு விமானப்படையில் பணியாற்றிய கிம்லி தளத்தை அவரே முன்மொழிந்தார். அந்த ஓடுபாதைகளில் ஒன்று கார்ப் பந்தயத் தடமாக மாறியிருந்ததும், அன்றைக்கு அங்கே பந்தயக் குடும்பங்கள் கூடியிருந்ததும் அவருக்குத் தெரியாது. கிளைடர் ஓட்டிப் பழகிய பியர்சன், விமானம் அளவுக்கு மிஞ்சிய உயரத்தில் வருவதைக் கண்டு, அதைப் பக்கவாட்டில் சாய்த்துக் காற்றுத் தடையைக் கூட்டி உயரத்தைக் கரைத்தார். பெரிய பயணிகள் விமானத்தில் யாரும் செய்யாத காரியம் அது. எரிபொருள் தீர்ந்து 17 நிமிடங்களில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. பூட்டிக்கொள்ளாத முன்சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரசி விமானம் நின்றது. மூக்குப் பகுதியில் பற்றிய சிறு தீயைப் பந்தயக்காரர்களே தீயணைப்பான்களால் அணைத்தார்கள். மூக்கு தாழ்ந்து வால் உயர்ந்து நின்றதால், செங்குத்தாகிவிட்ட பின்பக்கச் சறுக்குகளில் இறங்கியவர்களுக்குத்தான் சிறு காயங்கள். பின்னர் இதே நிலைமையை ஒப்புப்பறப்புக் கருவியில் (சிமுலேட்டரில்) மற்ற விமானிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது விமானம் விபத்துக்குள்ளானது.

விசாரணையும் பின்விளைவும்

நிறுவனத்தின் உள்விசாரணையில் பியர்சன் ஆறு மாதத்துக்குப் பதவியிறக்கம் பெற்றார், குவின்டால் இரண்டு வாரம் இடைநீக்கம், பராமரிப்புப் பணியாளர் மூவரும் இடைநீக்கம். 1985இல் அதே இரு விமானிகளுக்கும் பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு சிறந்த விமானம் ஓட்டும் திறனுக்கான சான்று வழங்கியது. ஒரே மனிதர்கள், ஒரே நாளுக்காகத் தண்டனையும் விருதும். இரண்டுமே பொருந்தத்தான் செய்கின்றன.

நீதிபதி ஜார்ஜ் லாக்வுட் தலைமையில் அரசு அமைத்த விசாரணை ஆணையம் இதை வேறு கோணத்தில் பார்த்தது. அளவி பழுதான அசாதாரண நிலையில் எரிபொருள் கணக்கை யார் போட வேண்டும் என்று தெளிவாகப் பொறுப்பு ஒதுக்காதது நிறுவனத்தின் குறை என்று அது முடிவு செய்தது. விமானிகளும் மற்ற விமானப் பணியாளர்களும் காட்டிய திறமையைப் பாராட்டியது. எனக்கு இந்த முடிவே சரியாகப் படுகிறது. தனி மனிதர் ஒருவர் எண்ணைத் தவறாக எடுத்தது உண்மை. ஆனால் பாதி மெட்ரிக்கும் பாதி பழைய முறையுமாக ஒரு விமானக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு, அலகு எழுதாத எண்ணை ஒப்படர்த்தி என்ற பெயரில் சீட்டுகளில் புழங்கவிட்டு, கணக்குப் போடும் இருக்கையையும் எடுத்துவிட்டால், அந்த எண்ணைத் தவறாக எடுக்க யாராவது ஒருவர் வந்தே தீருவார்.

விமானம் கிம்லியிலேயே தற்காலிகமாகச் சீரமைக்கப்பட்டு, இரண்டு நாளில் பறந்து வெளியேறியது. 2008 ஜனவரி வரை ஏர் கனடாவின் சேவையில் இருந்தது.

இப்போது எரிபொருள் ஏற்றியதும் தரப்படும் சீட்டில் லிட்டரும் அடர்த்தியும் நிறையும் தனித்தனியே, ஒவ்வொன்றும் தன் அலகோடு எழுதப்படுவது வழக்கம். விமானி பவுசரின் லிட்டரை அடர்த்தியால் பெருக்கி வந்த நிறையை, ஏற்றும் முன்னும் பின்னும் அளவி காட்டிய நிறைகளின் வித்தியாசத்தோடு ஒப்பிடுகிறார். நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டி இரண்டும் வேறுபட்டால், காரணம் தெரியும் வரை விமானம் நகர்வதில்லை. அளவி பழுதாகி அளவுக்கோலைப் போடும் நாளில் இந்த ஒப்பீட்டின் ஒரு கை இல்லாமல் போகும். அப்போது தொட்டியில் ஏற்கெனவே இருந்த லிட்டரோடு ஏற்றிய லிட்டரைக் கூட்டி, ஏற்றியபின் கோல் காட்டும் லிட்டரோடு சரிபார்க்கலாம். ஆனால் அது கனஅளவை மட்டுமே சோதிக்கும். மான்ட்ரியலில் அந்தச் சோதனையும் சரியாகவே வந்திருக்கும். அடர்த்தியைச் சோதிக்க வேண்டுமென்றால் அதைத் தனியாகவே சோதித்தாக வேண்டும்: லிட்டருக்கு இத்தனை கிலோ என்ற அலகு எழுதப்பட்டிருக்கிறதா, எண் 0.775க்கும் 0.840க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும்.